‘மலேரியா’ என்னும் சொல்

மருத்துவர்கள் வழங்கும் சொற்களுள் பெரும்பாலானவை மருத்துவமனையின் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஒரு சில மட்டும் அச்சுவர்களைக் கடந்து வீதிக்கு வந்து, வீட்டுக்குள் நுழைந்து, எழுத்தறியாதவர் நாவிலும் இயல்பாக வழங்கத் தொடங்கிவிடுகின்றன. அத்தகைய சொற்களுள் ஒன்று ‘மலேரியா.’ காச்மீரம் முதல் கன்னியாகுமரி வரை இச்சொல்லை அறியாதவர் அரியர். ஆயினும் இதன் பொருள் யாது, இது எங்கிருந்து வந்தது என்று வினவினால் விடை கூறக் கூடியவர் சிலரே. அச்சொல்லின் வரலாற்றை இன்று நாம் சற்றே ஆராய்வோம். ஒரு சொல்லின் வரலாறு என்பது வெறும் இலக்கணச் செய்தி அன்று; மக்கள் ஒரு காலத்தில் எதை நம்பினார்கள், அந்த நம்பிக்கை அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அது நமக்குக் காட்டும்.

முதலில் ஓர் ஐயத்தைப் போக்கிக்கொள்வோம். மலையடிவாரக் காடுகளுக்குச் சென்று திரும்பியவர்களைப் பற்றிய காய்ச்சலை நம்மவர் ‘மலைக்காய்ச்சல்’ என்றனர். ‘மலேரியா’ என்ற சொல்லிலும் ‘மலை’ என்ற ஒலி கேட்பது போல் தோன்றுவதால், இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று கருதுவாரும் உண்டு. இந்த ஒலியொற்றுமை தற்செயலாக அமைந்ததே தவிர வேறன்று. ‘மலேரியா’ இத்தாலிய மொழிச் சொல். அம்மொழியில் ‘மாலா’ என்றால் கெட்ட. ‘ஆரியா’ என்றால் காற்று. இரண்டும் சேர்ந்து ‘கெட்ட காற்று’ என்னும் பொருள் தந்தன.

ரோமாபுரியைச் சுற்றிக் ‘கம்பானியா’ எனப்படும் தாழ்ந்த சமவெளி ஒன்று உண்டு. அதன் தெற்கே பாண்டைன் சதுப்பு நிலம் பரந்து கிடந்தது. கோடைக்காலம் வந்தால் அப்பகுதிகளில் காய்ச்சல் பரவும். செல்வர்கள் நகரை விட்டுக் குன்றுகளுக்குப் போய்விடுவார்கள். போக வழியற்ற உழவரும் கூலியாட்களும் நோய்வாய்ப்படுவார்கள். இதனைப் பல நூற்றாண்டுகளாகக் கண்டு வந்த மக்கள் சில உண்மைகளைத் தெளிவாகவே உணர்ந்திருந்தார்கள். சதுப்பு நிலத்தின் அருகில் வாழ்வோரைக் காய்ச்சல் பிடிக்கிறது. உயர்ந்த இடத்தில் வாழ்வோரை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பகலைவிட இரவே ஆபத்தானது. பொழுது சாய்ந்தபின் வெளியே உலவுவதும் திறந்த வெளியில் உறங்குவதும் தீங்கு. இவை யாவும் உண்மைகளே. கண்டவை எல்லாம் சரியாக இருந்தும், அவற்றை இணைத்த முடிவில்தான் பிழை நேர்ந்தது. சதுப்பு நிலத்தில் அழுகிய பொருள்களிலிருந்து நச்சு ஆவி ஒன்று எழுகிறது என்றும், அதனை மூச்சோடு உள்ளிழுப்பதால் காய்ச்சல் உண்டாகிறது என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள்.

இத்தாலிய மருத்துவராகிய லான்சீசி 1717ஆம் ஆண்டில் சதுப்பு நிலங்களின் தீய ஆவிகளைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அதில் கொசுக்களையும் அவர் ஐயுற்றார் என்பது வியப்பிற்குரியது. ஆனால் உலகம் ஆவியை நம்பியது, கொசுவை மறந்தது. 1740ஆம் ஆண்டு ரோமாபுரிக்குச் சென்றிருந்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், அந்நகரத்தின் கோடைக்காலக் கொடுமையைத் தம் கடிதம் ஒன்றில் இந்தச் சொல்லாலேயே குறிப்பிட்டார். 1827ஆம் ஆண்டு ஜான் மக்கல்லக் என்பவர் இப்பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நூல் வெளியிட்டபின், ஆங்கில மருத்துவ வழக்கில் இச்சொல் வேரூன்றியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருதுதல் வேண்டும். மக்கல்லக் காலத்தில் ‘மலேரியா’ என்பது நோயின் பெயர் அன்று. நோயை உண்டாக்குவதாக எண்ணப்பட்ட நச்சுக் காற்றின் பெயர். ‘மலேரியாவினால் காய்ச்சல் வந்தது’ என்பதே அக்கால வழக்கு. நாளடைவில் காரணத்தின் பெயர் காரியத்தின்மேல் ஏறிக்கொண்டது; காய்ச்சலே மலேரியா ஆயிற்று. காரணத்தின் பெயர் காரியத்திற்கு ஆகிவருவது நம் இலக்கணத்தாரும் அறிந்த ஒன்றே. ஆயின் இங்கே ஆகிவந்த காரணம் மெய்யான காரணம் அன்று. கற்பனையான காரணம் ஒன்று மெய்யான நோய்க்குப் பெயராக நிலைத்துவிட்டது.

இந்நோய்க்குப் பிற மக்கள் இட்ட பெயர்களையும் ஒப்புநோக்குவோம். பிரெஞ்சு மொழியில் இதனைப் ‘பலூடிஸ்ம்’ என்பர். சதுப்பு நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது; காற்றைப் பழிக்காமல் இடத்தைச் சுட்டுகிறது. ஆங்கிலேயர் பழங்காலத்தில் ‘ஏகியூ’ என்றனர். ‘கடுமையான காய்ச்சல்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் சிதைவே அது.

நம் நாட்டு மருத்துவர்கள் என்ன பெயர் இட்டார்கள்? ஆயுர்வேத நூல்கள் ‘விஷமஜ்வரம்’ என்றன. ‘விஷமம்’ என்றால் சமமற்றது, ஒரு சீராக இல்லாதது என்று பொருள். நஞ்சைக் குறிக்கும் ‘விஷம்’ வேறு, இந்த ‘விஷமம்’ வேறு. ஏறுவதும் இறங்குவதும் விட்டு விட்டு வருவதுமாக இருக்கும் காய்ச்சல் என்பதே அப்பெயரின் கருத்து. விடாது நிற்பது, நாளுக்கு இருமுறை வருவது, நாள்தோறும் ஒருமுறை வருவது, மூன்றாம் நாள் வருவது, நான்காம் நாள் வருவது என்று அதனை ஐவகையாகச் சரகர் நூல் பகுத்துக் கூறுகிறது. கிரேக்க நாட்டு ஹிப்பாக்கிரட்டீஸ் வழியினரும் இவ்வாறே நாள் கணக்கினால் காய்ச்சல்களைப் பிரித்தார்கள். முதல் நாளையும் சேர்த்து எண்ணுவது இரு நாட்டாருக்கும் வழக்கம். ஆகவே ‘மூன்றாம் நாள் காய்ச்சல்’ என்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதைக் குறிக்கும்.

தமிழில் ‘குளிர்காய்ச்சல்’ என்றும் ‘முறைக்காய்ச்சல்’ என்றும் இரு பெயர்கள் வழங்கின. முதற்பெயர், பல் கிட்டிப் போர்வைமேல் போர்வை போர்த்தினாலும் அடங்காத நடுக்கத்தைச் சொல்கிறது. இரண்டாம் பெயர், முறை வைத்தாற்போல் காய்ச்சல் திரும்பி வருவதைச் சொல்கிறது. நோய் நாட்பட்டபோது மண்ணீரல் வீங்கி வயிற்றின் இடப்பக்கத்தில் கையால் தடவி அறியத்தக்க கட்டியாக நிற்கும். அதனைக் ‘காய்ச்சற்கட்டி’ என்றனர். இப்பெயர்களில் எதுவும் நோயின் காரணத்தைக் கூறவில்லை என்பதைக் கவனிப்போம். கண்ணால் கண்டதையும் உடலால் உணர்ந்ததையும் மட்டுமே அவை கூறின.

வடகிழக்கு இந்தியாவில் நெடுங்காலம் மலேரியாவோடு சேர்த்து எண்ணப்பட்ட மற்றொரு கொடிய காய்ச்சல் ‘காலா ஆசார்.’ அதற்குக் ‘கறுப்பு நோய்’ என்று பொருள். நோயாளியின் தோல் கறுத்துவிடுவதைக் கண்டு மக்கள் இட்ட பெயர் அது. அந்நோயின் மெய்யான காரணம் பின்னாளில் கண்டறியப்பட்டபோதும், கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1922ஆம் ஆண்டு அதற்கு மருந்து கண்டபோதும், அப்பெயர் பொய்க்கவில்லை. அடையாளத்தைக் கொண்டு இட்ட பெயர் அறிவு வளர்ந்த பின்னரும் தலைகுனிய வேண்டியதில்லை. காரணத்தை ஊகித்து இட்ட பெயரோ, ஊகம் வீழ்ந்த அன்றே பொருளற்றுப் போகிறது. ‘இன்புளுயன்ஸா’ என்பதும் இத்தாலியச் சொல்லே. விண்மீன்களின் ஆதிக்கத்தால் வருவது என்று கருதி இட்ட பெயர் அது. இன்று விண்மீன்களை யாரும் குறை கூறுவதில்லை; பெயர் மட்டும் நிற்கிறது.

காரணம் தெரியாத காலத்திலேயே மருந்து மட்டும் தெரிந்துவிட்டது என்பது இந்நோயின் வரலாற்றிலுள்ள ஒரு விந்தை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மலைகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டை, இக்காய்ச்சலைத் தணிக்கக் கண்டு, ஏசு சபைத் துறவிகள் அதனைப் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். அம்மரத்தின் பெயரிலும் ஒரு கதை உண்டு. பெருவை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதியின் மனைவியாகிய சின்ச்சோன் சீமாட்டி அப்பட்டையால் குணமடைந்தாள் என்று ஒரு செய்தி பரவியிருந்தது. அதனை நம்பிய லின்னேயஸ் 1742ஆம் ஆண்டு அம்மர இனத்திற்கு அவள் பெயரையே இட்டார். இடும்போது ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அதனால் ‘சின்கோனா’ ஆயிற்று. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, சீமாட்டி குணமடைந்த கதைக்கே ஆதாரம் இல்லை எனக் கண்டார்கள். பொய்யான காரணத்தின் பெயரைத் தாங்கிய நோய்க்கு, பொய்யான கதையின் பெயரைத் தாங்கிய மரம் மருந்தாயிற்று! ஆனால் மருந்து பொய்யன்று. 1820ஆம் ஆண்டு பாரிஸில் பெல்லத்தியே, காவந்து என்னும் இருவர் அப்பட்டையிலிருந்து அதன் சத்தைப் பிரித்தெடுத்து, அதற்குக் ‘குவினைன்’ என்று பெயரிட்டார்கள். நம் நாட்டில் அது ‘கொயினா’ என்று வழங்கிற்று. 1860க்குப் பின் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், வடக்கே டார்ஜிலிங் பகுதியிலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. 1892ஆம் ஆண்டு முதல் வங்காளத்தில் அஞ்சல் நிலையங்கள் வழியாகவே கொயினாப் பொட்டலம் ஒரு பைசாவுக்கு விற்கப்பட்டது.

இனி, காற்றின்மேல் சுமத்தப்பட்ட பழி எவ்வாறு நீங்கியது என்று காண்போம். 1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியா நாட்டின் கான்ஸ்டன்டீன் நகரில், லவெரான் என்னும் பிரெஞ்சுப் படை மருத்துவர் காய்ச்சலுற்ற போர்வீரன் ஒருவனின் இரத்தத் துளியை நுண்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அதில் உயிருள்ள நுண்ணுயிர் ஒன்று அசைவதைக் கண்டார். நோய்க்குக் காரணம் ஆவியன்று, ஓர் ஒட்டுண்ணி என்பது அன்று புலனாயிற்று. சில ஆண்டுகளில் கோல்ஜி என்னும் இத்தாலிய அறிஞர், அவ்வொட்டுண்ணிகள் சிவப்பணுக்களுக்குள் பெருகி, ஒரே வேளையில் அவற்றைப் பிளந்துகொண்டு வெளிப்படும்போதுதான் குளிரும் காய்ச்சலும் வருகின்றன என்று காட்டினார். 48 மணி நேரத்திற்கு ஒருமுறை பிளப்பவை மூன்றாம் நாள் காய்ச்சலையும், 72 மணி நேரத்திற்கு ஒருமுறை பிளப்பவை நான்காம் நாள் காய்ச்சலையும் தருகின்றன. சரகர் நூலும் ஹிப்பாக்கிரட்டீஸ் மரபும் குறித்த நாள் கணக்கிற்கு விளக்கம் கிடைத்தது; நம் ‘முறைக்காய்ச்சல்’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதும் விளங்கிற்று.

ஒட்டுண்ணி தெரிந்தது. ஆனால் அது ஒருவர் உடலிலிருந்து மற்றவர் உடலுக்குச் செல்லும் வழி தெரியவில்லை. அவ்வழி கண்டறியப்பட்டது நம் நாட்டில். அல்மோராவில் 1857ஆம் ஆண்டு பிறந்த ரொனால்ட் ராஸ், 1881ஆம் ஆண்டு படை மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1894ஆம் ஆண்டு இலண்டனில் பாட்ரிக் மான்ஸனைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை முன்னரே கண்டிருந்த மான்ஸன், மலேரியாவும் கொசுவோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று எடுத்துரைத்தார். அதனை மெய்ப்பிப்பதென்று உறுதிகொண்டு திரும்பிய ராஸ், செகந்தராபாத்தில் ஈராண்டுக் காலம் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். இடையில், 1897ஆம் ஆண்டு, நீலகிரியின் சீகூர்ப் பகுதிக்குச் சென்றபோது அவரையே அக்காய்ச்சல் பிடித்தது.

செகந்தராபாத்துக்கு அடுத்த பேகம்பேட்டையில் அவர் இருந்த மருத்துவமனையில் வெப்பம் தாங்க முடியாததாக இருந்தது. நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையால் நுண்பெருக்கிக் கண்ணாடியின் திருகாணிகள் துருப்பிடித்தன. ஆயினும் பங்கா இழுக்க அவர் இசையவில்லை. காற்று வீசினால் அறுத்து வைத்த கொசு பறந்துபோய்விடும்! உசேன் கான் என்னும் நோயாளி, கொசுக்கடிக்குத் தம் உடலைக் கொடுத்தார். கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி பெற்றார். அவரைக் கடித்த, சிறகில் புள்ளிகளுடைய கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், ராஸ் தாம் தேடியதைக் கண்டார். ஒட்டுண்ணி அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவைக் கொண்டு ஆராய்ந்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே வெளிப்படுவதையும் காட்டினார். அவ்வாண்டின் இறுதியில் இத்தாலியில் கிராசியும் அவருடைய துணைவர்களும், மனிதரைப் பற்றும் மலேரியாவைப் பரப்புவது ‘அனாபிலிஸ்’ இனக் கொசுவே என்று நிறுவினார்கள். ராஸ் 1902ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

‘அனாபிலிஸ்’ என்ற பெயரையும் சற்றே நோக்குவோம். மைகன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1818ஆம் ஆண்டு இப்பெயரை இட்டார். கிரேக்க மொழியில் இதற்குப் ‘பயனற்றது’ என்று பொருள். எதற்கும் உதவாத பூச்சி என்று ஒதுக்கிவைத்த அது, பேரரசுகளையே நடுங்கவைத்த நோயின் தூதன் என்பது எண்பது ஆண்டு கழித்தே தெரிந்தது. குற்றமற்ற காற்றுக்குக் ‘கெட்டது’ என்று பெயர். குற்றவாளியாகிய கொசுவுக்குப் ‘பயனற்றது’ என்று பெயர்.

அப்போதும் ஐயுறவு கொண்டோர் இருந்தனர். கொசுவும் காரணமாக இருக்கலாம், காற்றும் காரணமாக இருக்கலாம் அன்றோ என்று அவர்கள் வினவினார்கள். அவ்வினாவுக்கு 1900ஆம் ஆண்டில் இரண்டு சோதனைகள் விடையளித்தன. இலண்டனிலிருந்து சாம்பனும் லோவும் ரோமக் கம்பானியாவுக்குச் சென்று, காய்ச்சலுக்குப் பேர்போன இடத்தில், கம்பிவலை பொருத்திய குடிசை ஒன்றில் கோடை முழுதும் தங்கினார்கள். பொழுது சாயுமுன் உள்ளே போய்விடுவார்கள். விடிந்தபின் வெளியே வருவார்கள். சன்னல்கள் திறந்தே இருந்தன. தலைமுறை தலைமுறையாக மக்கள் அஞ்சிய அந்த இரவுக் காற்றை அவர்கள் நாள்தோறும் சுவாசித்தார்கள். காற்று உள்ளே வந்தது, கொசு வரவில்லை. அவர்களைக் காய்ச்சல் அணுகவில்லை. அதே ஆண்டில், ரோமாபுரியில் நோயாளிகளைக் கடித்த கொசுக்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. மான்ஸனின் மகன் தம்மை அவை கடிக்குமாறு கொடுத்தார். இலண்டனில் சதுப்பு நிலத்து ஆவி ஏதுமில்லை. ஆயினும் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கொசுவின்றிக் காற்று மட்டும் சென்ற இடத்தில் நோயில்லை. காற்றின்றிக் கொசு மட்டும் சென்ற இடத்தில் நோய் வந்தது. வழக்கு அத்துடன் முடிந்தது. கெட்ட காற்று குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று.

பெயர் பிழையாக இருந்தால்தான் என்ன, பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். பிழையான பெயரால் சில நன்மைகளும் விளைந்தன என்பது உண்மையே. ஆவிக்கு அஞ்சிச் சதுப்பு நிலத்தை வடித்தபோது கொசுவின் பிறப்பிடமும் அழிந்தது; அந்தியில் கதவை அடைத்தபோது கொசுவும் வெளியே நின்றது. ஆனால் அப்பெயர் மனிதரின் கண்ணைத் தவறான திசையிலும் திருப்பியது. ‘கெட்ட காற்று’ என்றவுடன் நாம் நாற்றமுள்ள இடத்தைத் தேடுகிறோம். சாக்கடையையும் குப்பைமேட்டையும் பழிக்கிறோம். அவற்றைத் துப்புரவு செய்வது நல்லதே. எனினும் அனாபிலிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையில் முட்டையிடுவதில்லை. அது நாடுவது தெளிந்த நீர். கிணறு, மேல்நிலைத் தொட்டி, வயலின் தேங்கிய நீர், கால்வாயின் கசிவு, ஓடையின் ஓரக்குழி ஆகியவை அதன் தொட்டில்கள். நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசுவகை, மூடியில்லாத குடிநீர்த் தொட்டியில் இனிதே வளர்கிறது. வாசலில் சாக்கடையைக் கழுவிவிட்டு, மாடியில் தொட்டியைத் திறந்து வைத்திருப்பவர், பழைய சொல்லின் பொருளுக்கு இன்றும் அடிமையாக இருக்கிறார் என்றே கூறவேண்டும்.

சொற்களால் நேரும் இடர் நோயின் பெயரோடு நிற்பதில்லை. நோயை எதிர்க்க நாம் எடுத்த முயற்சியின் பெயரிலும் அது காணப்படுகிறது. விடுதலை பெற்ற காலத்தில் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் நோயுற்றார்கள் என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டார்கள் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953ஆம் ஆண்டு தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. கண்ட வெற்றியால் ஊக்கமுற்று, 1958ஆம் ஆண்டு ‘கட்டுப்பாடு’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘ஒழிப்பு’ என்ற சொல் வைக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டில் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் எழுந்தது. எண்ணம் எழுந்த இடத்தில் கவனம் தளர்ந்தது. மருந்து தெளிப்பதில் தடை நேர்ந்தது, கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கப் பழகின. வளரும் நகரங்கள் கொசுவுக்குப் புதிய இடம் தந்தன. 1976ஆம் ஆண்டில் நோயுற்றோர் தொகை 64 லட்சத்தைத் தாண்டியது.

அதன்பின் சொற்களைச் சற்று எண்ணிப் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. ஒரு நோயை ஒரு நாட்டில் அல்லது ஒரு வட்டாரத்தில் பரவாதவாறு செய்வது ‘நீக்கம்.’ உலகம் முழுவதிலும் அது இல்லாமற் செய்வது ‘ஒழிப்பு.’ பெரியம்மை ஒழிக்கப்பட்டது, மலேரியா ஒழிக்கப்படவில்லை. 2030க்குள் அதனை நம் நாட்டிலிருந்து நீக்குவதென்பதே 2016ஆம் ஆண்டில் இந்தியா வகுத்துக்கொண்ட குறிக்கோள். நோயுற்றோர் தொகை முன்னைவிடப் பெரிதும் குறைந்துள்ளது. சீனப் பழமருத்துவ நூலொன்றின் குறிப்பைத் தொடர்ந்து சென்று ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்தைக் கண்ட தூ யூயூ அம்மையார் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். 2021ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் காக்கவல்ல இரு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அவற்றுள் இரண்டாவது நம் புனே நகரில் தயாராகிறது. நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆனால் 1965ஆம் ஆண்டை மறப்பதற்கு இடமில்லை.

இறுதியாக, நம் பழம்பெயராகிய ‘முறைக்காய்ச்சல்’ இன்றும் நமக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. காய்ச்சல் விட்ட நாளில் நோயாளி எழுந்து நடமாடுவார், பசி எடுக்கும், நோய் தீர்ந்தது என்று மகிழ்வார். அது தீர்வு அன்று, இரு முறைகளுக்கு இடையே உள்ள ஓய்வு மட்டுமே. மலேரியாவின் ஒருவகை ஒட்டுண்ணி ஈரலில் மறைந்து உறங்கி, திங்கள் பல சென்றபின்னும் விழித்தெழக் கூடியது. ஆதலின் மருத்துவர் பதினான்கு நாள் மருந்து உண்ணச் சொன்னால், மூன்றாம் நாளே உடல் தேறிவிட்டதென்று நிறுத்திவிடுதல் ஆகாது. ஆனால் ‘முறை’ என்ற சொல்லையும் அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. உயிருக்கு உலை வைக்கும் கொடிய வகை, பெரும்பாலும் முறை தவறியே வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறதா என்று காத்திருந்து பார்ப்பது பேராபத்து. குளிரோடு காய்ச்சல் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.

‘மலேரியா’ என்ற சொல்லை இனி மாற்ற இயலாது. மாற்ற வேண்டுவதும் இல்லை. நூற்றாண்டுகள் பழகிய சொல் நாணயம் போன்றது. அதில் பொறித்த அரசன் மறைந்தபின்னும் அது செலாவணியில் இருக்கும். அச்சொல்லைக் கேட்கும்போது காற்றை நினையாமல் நீரை நினைப்போமாயின் அதுவே போதும். வாரம் ஒருமுறை வீட்டிலுள்ள தொட்டியையும் குடத்தையும் கவிழ்த்துக் காயவைப்போம். மேல்நிலைத் தொட்டியைக் கொசு புகாதவாறு மூடுவோம். இரவில் வலைக்குள் உறங்குவோம். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அந்த இடைவெளியே நம் கையில் உள்ள காலம். இவ்வளவும் செய்தபின், சன்னலுக்கு வலையடித்து அதனை அகலத் திறந்து வைத்து, இரவுக் காற்றை நாம் அச்சமின்றிச் சுவாசிக்கலாம். அதன்மேல் இருந்த பழி 1900ஆம் ஆண்டிலேயே தீர்ந்துவிட்டது.